மாமன் சீர் வந்த கார்

அல்லிநகரம் கல்யாண மண்டபத்து வாசலில் நேற்று ஒரு பழைய அமெரிக்கக் கார் நின்றது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். ஜன்னலுக்குள் தலையை நீட்டினேன். வெயிலில் காய்ந்த தோல் சீட்டின் வாசனை. அவ்வளவுதான், சின்னமனூரில் எங்கள் தெருவில் பாவாடையோடு நின்றேன்.

பெரியப்பா மகள் செல்விக்குத் தாய்மாமன் ஏலக்காய் வியாபாரி. அவருடைய கார் எங்கள் வீட்டு முற்றத்தைவிட நீளம். பின்கதவைத் திறந்தால் கட்டிலே போடலாம். லீவு விட்டால் செல்வி அதில் கம்பத்துக்குப் போவாள். திரும்பி வரும்போது அவள் சட்டையெல்லாம் ஏலக்காய் மணக்கும். "எங்க மாமா பிளசர் காருடி, தொடாத. அழுக்கு ஒட்டும்" என்பாள்.

நான் சமைந்தபோது, என் ஏக்கம் தெரிந்த என் மாமா அந்தக் காரையே இரவல் கேட்டு, அதில் சீர்த்தட்டுகளை ஏற்றி வந்தார். ஹாரன் கேட்டதும் மணையிலிருந்து எழுந்துவிட்டேன்.

"உக்காரு ஆத்தா! ஆரத்தி எடுக்காம வாசலத் தாண்டப்படாது" என்று அத்தை தோளை அமுக்கினாள்.

தெருப்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு கார் ஊரைச் சுற்றியது. முன்சீட்டில் செல்வி. ஆரத்தி முடிந்து நான் வாசலுக்கு வந்தபோது, கார் ஏலக்காய் மூட்டை ஏற்றக் குமுளிக்குப் போய்விட்டிருந்தது.

நேற்று மண்டபத்துக்குள் செல்வி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "வாசல்ல பாத்தியா? ஒங்க மாமா கார் மாதிரியே ஒண்ணு நிக்கிது" என்றேன்.

"அப்படி ஒரு காரா வச்சிருந்தாக? எனக்கு ஞாபகமே இல்லயேடி."

மறந்துபோகும் அளவுக்கு ஏறியிருக்கிறாள், பாவி.