சுலோசனா உதைத்துக் கவிழ்த்த சாம்பார்

சத்தியவேடு பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பதினோரு வருஷம் அச்சு மெஷின் முன்னால் நின்றவள் சுலோசனா. சூடாக விழும் டிபன் பாக்ஸின் ஓரத்துப் பிசிறைச் சீவி, மூடி சரியாக உட்காருகிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். தோள்வலி முற்றியதும் வேலையை விட்டுவிட்டு, புத்தூர் பஸ் ஸ்டாண்டு அருகே பிளாஸ்டிக் சாமான் கடை போட்டாள். மனிதர்கள் மேல் அவளுக்கு மரியாதை போனது அங்கேதான்.

கொதிக்கிற டீயை மெல்லிய கவரில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். அவள் கடை டப்பாவைத் தட்டிப் பார்த்து, "இதுல துன்னா கேன்சர் வருமாமே?" என்பார்கள்.

"அடியில முக்கோணத்துக்குள்ள அஞ்சு போட்டிருக்கு பாரு. சாப்பாட்டு டப்பா, சூடா போடலாம். உன் கையில தொங்குதே, அதுலதான் போடக்கூடாது."

டப்பாவை வைத்துவிட்டுக் கவரோடு போவார்கள். அவர்கள் முதுகைப் பார்த்துச் சிரிக்கக்கூட அவளுக்குத் தோன்றாது.

அவளுடைய அக்கா பிரேமலதாவின் புருஷன் ஹரிபாபு கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர். தன் மகள் ஹரிதாவின் கல்யாணத்துக்கும் அவனே சமையல். திருச்சானூரில் ஒரு சத்திரம். முகூர்த்தம் முடிந்ததும் சுலோசனா வெந்நீர் எடுக்கச் சமையல்கட்டுக்குப் போனாள். ஆவி பறக்கும் சாம்பாரை ஆட்கள் பெயிண்ட் வாளிகளில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாளியின் விளிம்பில் நீலம் இன்னும் ஒட்டியிருந்தது.

"இன்னா மாமா இது?" என்று அங்கே நின்ற ஹரிபாபுவைக் கேட்டாள்.

"பக்கெட்டு. அஞ்சு போட்டிருந்தா நல்லதுன்னு நீதான சொன்ன? திருப்பிப் பாரு."

காலி வாளி ஒன்றைத் திருப்பினாள். அஞ்சுதான்.

"எதுல செஞ்சதுன்னுதான் நம்பர் சொல்லும். உள்ள இன்னா இருந்துச்சுன்னு சொல்லாது. டிபன் பாக்ஸுக்குப் புது பிளாஸ்டிக் குருணை போட்டு உருக்குவோம். எங்க கம்பெனியில இந்த மாதிரி பக்கெட்டுக்கு ஒடஞ்ச சேரு, ஓட்டைக் கொடம் எல்லாம் அரைச்சுப் போட்டோம். என் கையாலயே கொட்டியிருக்கேன். அதுல மாசக்கணக்கா பெயிண்ட் வேற ஊறியிருக்கு."

"மூணு தரம் சோப்பு போட்டுக் கழுவியாச்சு. எத்தினி கல்யாணத்துல ஊத்தியிருக்கேன், எவன் செத்தான்?"

"ஹரிதா எலைக்கும் இதுலருந்துதான் ஊத்துவீங்களா?"

ஹரிபாபு குரலைத் தணித்தான். "சேச்சே. பொண்ணு மாப்பிள்ளைக்கு ஸ்டீல்ல தனியா எடுத்து வெச்சிருக்கேன்."

தெரியாமல் செய்கிறான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அடுத்த நொடி முதல் வாளியைக் காலால் தள்ளினாள். பிறகு இரண்டாவதை, மூன்றாவதை. பருப்பும் முருங்கைக்காயும் சாக்கடைக்கு ஓடின. கணுக்காலில் சூடு பட்டுக் கொப்புளித்தது.

பிரேமலதா ஓடிவந்தாள். "எம் பொண்ணு கல்யாணத்தைக் கெடுக்கணும்னே வந்தியா? வயித்தெரிச்சல் புடிச்சவளே."

பந்தியில் அண்டாவில் இருந்த ரசமும் மோரும்தான் போயின. வந்தவர்கள் சாம்பார் இல்லையே என்று முகம் சுளித்தார்கள். ஏன் இல்லை என்று ஒருவர் கேட்கவில்லை. இவர்களுக்காகவா காலைச் சுட்டுக்கொண்டோம் என்று அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

யாரோ எடுத்த வீடியோ நகரி வரை சுற்றியது. நீல விளிம்பு வாளி அதில் தெளிவாகத் தெரிந்தது. ஹரிபாபுவுக்கு வந்திருந்த இரண்டு கல்யாணங்கள் கை மாறிப்போயின. மறுவாரமே அவன் ஸ்டீல் வாளிகள் வாங்கினான்.

ஹரிதா மட்டும் ஒருநாள் கடைக்கு வந்தாள். "நைனா எங்களுக்குத் தனியா வெச்சாருன்னு எனக்குத் தெரியாது சின்னம்மா," என்றாள். சுலோசனா அவளை நம்பினாள். அக்கா ஒன்றரை வருஷமாகப் பேசவில்லை.

ஹரிபாபுவின் வேனில் இப்போது 'ஆரோக்கியமே முக்கியம், ஸ்டீல் மட்டுமே' என்று தெலுங்கிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. ஊரில் அவனை மெச்சுகிறார்கள். அவன் சமைக்கும் பந்திகளில் சுலோசனா உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சமைத்தவனை மட்டும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.