நண்டில்லாத கூழ்

கிழக்கு லண்டனில் எங்கள் ஆட்களிடம் நல்ல ஒடியல் கூழ் யார் காய்ச்சுவது என்று கேட்டால், என் வீட்டைத்தான் காட்டுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த நாட்டுக்கு வந்து இன்னொருவர் கடையில் மீன் வெட்டினேன். பிறகு ஈஸ்ட் ஹாமில் சொந்தமாக மீன் கடை போட்டேன். இருபத்தாறு வருடமாக நடத்துகிறேன். பெட்டியைத் திறந்த உடனேயே எந்த மீன் நேற்றையது, எந்த மீன் முந்தாநாளையது என்று சொல்லிவிடுவேன். படித்தவர்கள் எத்தனையோ பேர் என் கடைக்கு வந்து, எதை வாங்குவது என்று என்னைக் கேட்டுத்தான் வாங்கிப் போகிறார்கள்.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பெரிய பானை ஏறும். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவைக் கரைத்து, மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் போட்டு, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் விட்டுக் காய்ச்சுவேன். சொந்தக்காரர் முப்பது பேர் வட்டமாக இருந்து குடிப்பார்கள். ஆளுக்கொரு கறி, ஆளுக்கொரு சட்டி என்ற கதை கூழுக்குக் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பானை.

மூன்று வருடத்துக்கு முன் மகளுக்குக் கலியாணம் நடந்தது. மருமகன் ஜெர்மனியில் வளர்ந்தவர். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்த பிள்ளை. நண்டும் இறாலும் அவருக்கு ஆகாது என்று மகள் கலியாணத்துக்கு முன்பே என்னை இருத்திவைத்துச் சொன்னாள்.

“அப்பா, அவருக்கு அலர்ஜி. கொஞ்சம்கூட ஏலாது. விளங்குதோ?”

ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஆனால் எனக்கு விளங்கியது வேறு. எங்கள் ஆட்கள் நண்டையும் கத்தரிக்காயையும் கரப்பன் சாப்பாடு என்று சொல்வார்கள். தின்றால் சொறியும், தடிக்கும், இரண்டு நாளில் போய்விடும். இளமையில் எனக்கும் கரப்பன் இருந்தது. ஒரு கையால் சொறிந்துகொண்டே மற்றக் கையால் நண்டு தின்றவன் நான். மருமகனுடையதும் அந்த வகைதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மீன்கடைக்காரன் தேடிப்பிடித்த மருமகனைப் பார் என்று கடையில் பகிடி வேறு விட்டேன்.

அந்த வருடக் கூழுக்கு மருமகன் முதல் தரம் வந்தார். அவருடைய கிண்ணத்துக்கு நானே அகப்பையால் ஊற்றினேன். நண்டுக்கால் ஒன்றும், இறால் ஒன்றும் விழாமல் பார்த்துப் பார்த்துத்தான் ஊற்றினேன்.

“நண்டு போட்டதோ மாமா?” என்று கேட்டார்.

“உமக்கு ஊத்தினதில ஒண்டும் இல்லைத் தம்பி. பயப்பிடாமல் குடியும்.”

மாமனார் கையால் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் வரவில்லை. குடித்தார். அரைக் கிண்ணம் முடியுமுன் உதடு வீங்கிவிட்டது. இருமினார். பிறகு மூச்சு கீச்சுக் கீச்சென்று இழுத்தது. மகள் தன் பையைக் கொட்டிக் கவிழ்த்து, பேனை மாதிரி ஒரு ஊசியை எடுத்து, காற்சட்டைக்கு மேலாலேயே அவருடைய தொடையில் குத்தினாள். அம்புலன்ஸ் வரும்வரைக்கும் முப்பது பேரும் கையில் கிண்ணத்தோடு நின்றார்கள். நான் அகப்பையோடு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆபத்தில்லை என்று சொன்ன பிறகுதான் மகள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்கள் அவருக்குப் பொய் சொன்னியள் அப்பா.”

“நான் எல்லாத்தையும் பொறுக்கித்தானே பிள்ளை ஊத்தினனான்…”

“இனி உங்கட வீட்டில நாங்கள் பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டம்.”

என் மகள் அவள். சொன்னால் சொன்னதுதான். ஒரு வருடம் தாங்கள் இருக்கும் மோர்டனிலிருந்து வந்து போனார்கள். போத்தலில் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். அரை மணித்தியாலம் இருப்பார்கள், வெளிக்கிட்டுவிடுவார்கள். ஊருக்கே சாப்பாடு போட்ட வீட்டில் பெற்ற பிள்ளை வெறும் வயிற்றோடு எழுந்து போவாள். என் மனுசி, பிள்ளையின் தாய், விடவில்லை. “உங்கட வாய்தான் பிள்ளையைக் கலைச்சது” என்று ஒரு நாளைக்கு மூன்று தரம் சொன்னாள். அவள் சொன்னதில் பிழையில்லை.

கடைக்குப் பக்கத்து மருந்துக்கடையில் எங்கள் தமிழ்ப் பிள்ளையொன்று வேலை செய்கிறது. ஒருநாள் அதனிடம் போய் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“உது கரப்பன் இல்லை ஐயா. ஒரு துளி சாறும் போதும். அகப்பையில ஒட்டினதும் காணும். ஆளே போயிடும்” என்றது அந்தப் பிள்ளை.

கடைக்குத் திரும்பி வந்து பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேல் தட்டில் இறால். அதன் ஐஸ் உருகி, கீழே இருந்த விளைமீனின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. நண்டு வெட்டின கத்தியாலேயே மீனும் வெட்டுகிறோம். எங்கே ஒட்டும், எங்கே சொட்டும், எந்த நகத்துக்குள் போய் இருக்கும் என்று இந்த லண்டனில் என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒரு டொக்டருக்குத் தெரியுமா? இது என் தொழில். என் தொழிலால் வந்த வில்லங்கத்தை என் தொழிலாலேயே முடிப்பேன் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன்.

பழைய பானை, அகப்பை, கத்தி, பலகை ஒன்றையும் வீட்டில் வைக்கவில்லை. எல்லாம் புதிதாக வந்தன. மனுசி தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டாள். கடையிலிருந்து வந்ததும் தோட்டத்துக் கொட்டிலில் உடுப்பை மாற்றி, நேரே குளியலறைக்குப் போகவேண்டும்.

“இந்தக் குளிருக்குள்ளயோ?” என்றேன்.

“நண்டு மணத்தோட வீட்டுக்குள்ள வந்தால் உங்களையும் பானையோட சேத்து எறிஞ்சிடுவன்.”

குளிரில் நடுங்கி நடுங்கி உடுப்பு மாற்றினேன். எனக்கு இங்கிலீஷ் வாசிப்பு மட்டுமட்டு. ஆனால் கடைக்கு வரும் பில் துண்டுகளில் பார்த்துப் பார்த்து நண்டு, இறால் வகைக்குரிய சொற்களின் முகம் எனக்கு மனப்பாடம். இந்த நாட்டில் சாப்பாட்டுப் பெட்டிகளில் அவற்றைத் தடித்த எழுத்தில் போடுகிறார்கள். அலுமாரியில் இருந்த ஒவ்வொரு போத்தலையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மனுசி கண்ணாடி போட்டும் காணாமல் விட்ட ஒரு சம்பல் போத்தலில் இறால் இருந்ததை நான் கண்டுபிடித்தேன். அன்றைக்கு முழுக்க அவள் என்னை ஏசவில்லை.

இனிமேல்தான் பெரிய வேலை. நண்டை எடுத்துவிட்டால் கூழுக்கு இனிப்பு எங்கிருந்து வரும்? முதல் தரம் காய்ச்சியதை மனுசி அகப்பையால் தூக்கிப் பார்த்து, “இதால சுவருக்குக் கடதாசி ஒட்டலாம்” என்றாள். இரண்டாம் தரம் வெறும் புளித் தண்ணீர். மூன்றாம், நான்காம் தரத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். ஐந்தாம் தரம் விளைமீன் தலைகளையும் முள்ளுகளையும் கரி அடுப்பில் சிவக்கச் சுட்டு, பிறகு தண்ணீரில் போட்டு இரண்டு மணித்தியாலம் அவித்து, வடித்து, அந்தச் சாற்றில் மாவைக் கரைத்தேன். மனுசி குடித்தாள். திரும்பவும் கிண்ணத்தை நீட்டினாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவளிடம் நான் வாங்கிய பெரிய பட்டம் அதுதான்.

அதன் பிறகு மகளுக்குப் போன் எடுத்தேன். செய்தது எல்லாவற்றையும் ஒன்றொன்றாகச் சொல்லி, கோடைக் கூழுக்கு வரச்சொன்னேன். கடைசியில், “அண்டைக்கு நான் பொய்தான் சொன்னனான் பிள்ளை” என்றேன். மகள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பிறகு மருமகனின் குரல் கேட்டது. “நாங்கள் வாறம் மாமா.” அதற்குப் பின்னால் மகள், “நான் வந்து எல்லாம் பாப்பன்” என்றாள்.

“பார் பிள்ளை. கட்டிலுக்குக் கீழயும் பார்.”

அந்தக் கூழ் ஞாயிறுக்கு முதல் நாள் விடியச் சந்தைக்குப் போனேன். வெட்டாத முழு மீன், அன்று உடைத்த பெட்டி, மேலே வேறொன்றும் அடுக்காத பெட்டி பார்த்து வாங்கினேன். கடை வான் வண்டியில் ஏற்றாமல் காரின் முன் சீட்டில் வைத்துக் கொண்டுவந்து வீட்டிலேயே வெட்டினேன். ஞாயிறு மகள் வந்து கத்தியைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், என் நகங்களையும் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து மனுசியின் தமையன், என் மச்சான், படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஒரு தட்டம், மேலே வெள்ளித்தாள் மூடியிருந்தது. மணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இறால் வடை. நான் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது எனக்குப் படுக்க இடம் தந்த மனிதர். அவர் கையால் கொண்டுவந்த எதையும் நான் ஒருநாளும் மறுத்ததில்லை. படலையில் கையைக் குறுக்கே போட்டேன்.

“மச்சான், உது உள்ளுக்கு வரேலாது.”

“என்ன, பகிடியோ?”

“பகிடி இல்லை. இறால்.”

“என்ர கையால கொண்டந்த சாமானை வாசலில மறிக்கிறீரோ? நண்டில்லாமல் ஒரு மாத்தண்ணி காய்ச்சிறதுக்கு இவ்வளவு எடுப்போ?”

“கார்க்குள்ள வச்சிட்டு, கையைச் சோப் போட்டுக் கழுவிப்போட்டு வாரும். இல்லையெண்டால் நானும் உம்மோட ரோட்டிலதான் நிப்பன்.”

என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற மகளையும் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டு காருக்குப் போனார். திரும்பி வந்து தோட்டத்துக் குழாயில் முழங்கை வரைக்கும் கழுவி, இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினார். “காணுமோ டொக்டர்?”

“வழியில வடை திண்டனீரோ?”

“ஒண்டே ஒண்டு.”

“அப்ப வாயையும் கொப்புளியும்.”

முப்பது பேரும் சிரித்தார்கள். அவரும் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

அகப்பையை மகள் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். புருசனுக்கு அவளே ஊற்றினாள். ஊசி இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். மருமகன் குடித்தார். அரைக் கிண்ணம். முக்கால். அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. மூக்கைத் துடைத்தார். நான் அவருக்குப் பக்கத்தில் போனேன்.

“என்ன தம்பி? என்ன செய்யுது?”

“உறைப்பு மாமா” என்றார். “ஜெர்மனியில இப்பிடி உறைப்பு இல்லை.”

அரை மணித்தியாலம் போனது. அவருக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் கிண்ணமும் குடித்தார், மூன்றாவதும் கேட்டார். மாத்தண்ணி என்று சொன்ன மச்சான் நாலு கிண்ணம் குடித்ததை நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். சுட்ட மீன் தலையின் கதையை அவர் இரண்டு தரம் கேட்டார். நான் சொல்லவில்லை.

மகள் மடியில் இருந்த பையை எடுத்துக் கதிரைக்குக் கீழே வைத்தாள். பிறகுதான் தனக்கென்று ஒரு கிண்ணம் ஊற்றிக் குடித்தாள்.

“மிச்சத்தை நாங்கள் வீட்ட கொண்டுபோறம் அப்பா” என்றாள்.

பானையைச் சரித்துக் காட்டினேன். வழித்துத் துடைத்து வைத்திருந்தார்கள்.

“வாற ஞாயிறு திரும்பவும் காய்ச்சிறன் பிள்ளை” என்றேன்.

“ஞாயிறு மட்டும் ஏன்?” என்றாள். “சனிக்கிழமையே வாறம். இரவுச் சாப்பாடும் இஞ்சதான்.”