செல்லாத வெட்டு

"அப்பப்பா, இந்த ட்ராகன் சாகாதெண்டு கிடக்கு. இந்த மற்றச் சீட்டோ எல்லாத்தையும் கொல்லுமாம். எது வெல்லும்?" என் பேத்தி தன் மந்திரச் சீட்டு விளையாட்டின் இரண்டு சீட்டுகளை என்னிடம் நீட்டினாள்.

புதுச் சீட்டின் மணம் என்னைச் சிறுவயதில் இருந்த அரியாலை வீட்டுப் பனையோலைப் பாய்க்குக் கொண்டுபோனது. முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம். நான் தோற்கிற நேரம், தம்பி துரும்புச் சீட்டால் வெட்டினான்.

"கடைசிச் சுத்திலை வெட்டினால் செல்லாதடா" என்று இல்லாத விதியொன்றைச் சொன்னேன்.

"அண்ணை சொன்னாச் சரி" என்று சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

போன மாதம் தம்பியின் செத்தவீட்டில், பந்தலுக்குள் சீட்டாடிய அவனுடைய சிநேகிதர் ஒருவர் என்னைக் கண்டு சிரித்தார். "நீங்கள் சொன்ன அந்தக் கடைசிச் சுத்து விதியாலை எத்தினை ஆட்டம் தோத்தவன்! எவ்வளவு பகிடி பண்ணினாலும் விடான். 'எங்கடை அண்ணை பொய் சொல்லார்' எண்டுவான்."

அங்கேயும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

பேத்தி இன்னும் காத்திருந்தாள்.

"என்னைக் கேளாதை, பிள்ளை. விதிப் புத்தகத்தைப் பார்" என்றேன்.