அப்புச்சி என்னை அக்கா என்று கூப்பிட்ட மழைக்காலம்

என்னிடம் ஒரு பைபிள் வசன அட்டை இருக்கிறது. முன்புறம் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்துவரும் மேய்ப்பரின் வண்ணப்படம். பின்புறம் பென்சிலில், 'ரெபேக்காளுக்கு, கொல்லிமலை, டிசம்பர் 25' என்ற குறிப்பு. ஆண்டு எழுதியிருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. எனக்குத் தேதிகளை அப்படியே விட்டுவிடும் பழக்கமில்லை. மலைக்கு பஸ் வரும் முன்பு நடந்தது இது. தம்பி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். எனக்கு முன்பற்கள் விழுந்திருந்தன. இவற்றை வைத்து ஐம்பதுகளின் கடைசி என்று கணிக்கிறேன். அதற்குமேல் துல்லியமாகச் சொன்னால் அது வரலாறு ஆகாது.

எங்கள் ஊர் தேவனூர் நாட்டில். அம்மாவும் அப்பாவும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அம்மாவைப் பெற்ற அப்புச்சி பெறவில்லை. பெறச் சொல்லி யாரும் அவரை வற்புறுத்தவும் இல்லை. சாமையும் மிளகும் விளைத்துக்கொண்டு, திருவிழாவில் சாமி தூக்கும் ஆட்களில் ஒருவராக இருந்தார். ஆனால் ஞாயிறு பிற்பகலில் ஓடைக்கு அப்பாலிருந்த ஜெபவீட்டுக்கு என்னைக் கூட்டிப்போவது அவர்தான். அப்பா சேந்தமங்கலத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தார்; அம்மாவின் இடுப்பில் தம்பி. ஓடைக்கரை வந்ததும் அப்புச்சி குனிந்து, "ஏறிக்கோ சாமி" என்பார். அக்கரையில் என்னை இறக்கிவிட்டு, ஞாயிறு பள்ளி முடியும்வரை ஜெபவீட்டுக்கு வெளியே பலாமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்.

அந்த ஆடியில் ஞாயிறு பள்ளிக்குப் புதிய டீச்சர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். படிப்பு முடித்த கையோடு, தகரப்பெட்டியும் குடையுமாக அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறியவர். எங்களுக்கு அவர் பெரிய மனுஷி. இன்று கணக்குப் போட்டால் இருபதைத் தாண்டியிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது.

முதல் வகுப்பிலேயே எங்கள் விசுவாசம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துவிட நினைத்தார் போலும்.

"ஒங்க வீட்டுல சாமி யாரு? தெரிஞ்சவங்க கையத் தூக்குங்க."

நான்தான் முதலில் எழுந்தேன். "நானுங்க டீச்சர்."

"என்னட்டி சொல்லுதே?"

"நாந்தானுங்க சாமி."

பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "எங்க ஊட்ல நானும் எந்தங்கச்சியும்ங்க. ரெண்டு சாமிங்க."

"பொய்யுங்க டீச்சர்," என்றாள் அவன் பக்கத்து வீட்டுப் பெண். "இவன அவங்கம்மா எருமைன்னுதான் கூப்புடுவாங்க."

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கண்ணு என்பார்கள், சாமி என்பார்கள். பாசத்துக்கு மலையில் இந்த இரண்டு சொற்கள்தான். டீச்சருக்கு அது தெரியாது. எழுந்து நிற்பவர்கள் எல்லோரும் தங்களைத் தெய்வம் என்று அறிவிப்பதைக் கேட்டு அவர் முகம் வெளுத்தது. அன்றைய பாடத்தை மூடிவைத்துவிட்டு, பத்துக் கட்டளைகளில் முதல் கற்பனையைச் சொல்லிக்கொடுத்தார். கர்த்தரைத் தவிர வேறே தெய்வம் கூடாது. மனுஷர் யாரையும் சாமி என்று சொல்லவும் கூடாது, சொல்ல விடவும் கூடாது. எல்லோரையும் திரும்பச் சொல்ல வைத்தார்.

நான் அதைச் சந்தேகமின்றி ஏற்றேன். யோசிக்க யோசிக்க நிலைமை மேலும் மோசமாகத் தெரிந்தது. திருவிழாவில் அப்புச்சி சாமி தூக்குவது எந்தத் தோளிலோ அதே தோளில்தான் என்னையும் தூக்கினார். தூக்கும்போது என்னைக் கூப்பிட்டதும் சாமி என்றுதான். அப்படியென்றால் அந்த வேறே தெய்வம் நான்தான். திரும்பும் வழியில், ஓடைக்கரையில் அவர் குனிந்தபோது, ஏற மாட்டேன், தண்ணீரில் நடந்தே வருகிறேன் என்றேன்.

"இனிமே என்னயச் சாமின்னு கூப்புடக் கூடாதுங்க அப்புச்சி. டீச்சர் சொல்லிட்டாங்க."

குனிந்தவர் நிமிர்ந்தார். "பின்ன என்னன்னு கூப்புடறது?"

"எம்பேரு சொல்லுங்க."

ரெபேக்காள் என்ற என் பெயர் அப்புச்சியின் வாயில் அதுவரை வந்ததேயில்லை. இரண்டு மூன்று முறை முயன்றார். முன்பாதி நாக்கில் நிற்காமல் நழுவியது. பின்பாதி மட்டும் தெளிவாக வந்தது. அன்றிலிருந்து தலை நரைத்த அப்புச்சி என்னை அக்கா என்று கூப்பிட்டார். வெறும் அக்கா அல்ல. அக்காவுக்குரிய மரியாதையும் சேர்ந்துவிட்டது. "சாப்டீங்களா அக்கா? போலாமுங்களா அக்கா?" ஊரில் என் வயதுப் பிள்ளைகள் பின்னாலேயே வந்து, "ஏனுங்க அக்கா" என்று கும்பிட்டார்கள்.

அதைத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. மாலையில் அப்புச்சி தம்பியைத் தூக்கி, "எஞ்சாமி, எங்கட்டிச் சாமி" என்று கொஞ்சுவது காதில் விழும். தம்பிக்கு இன்னும் கற்பனைகள் சொல்லித் தரப்படவில்லை. அப்புச்சி என்னை மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்ற வழி தெரியவில்லை. அது நான் சொன்னதல்ல, கர்த்தர் சொன்னது.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு ஓடை பெருகி ஓடியது. கிறிஸ்துமஸுக்கு வசனம் ஒப்பிக்கப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் நாள் அது. அப்புச்சி தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தூக்கட்டுங்களா அக்கா?"

"சாமி தூக்கற மாதிரித் தூக்கக் கூடாதுங்க."

அவர் வெகுநேரம் யோசித்தார். "மூட்டயத் தூக்கக் கூடாதுன்னு ஏதாச்சும் கற்பன இருக்குதுங்களா?"

நான் பத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். "இல்லீங்க அப்புச்சி."

"அப்பறமென்ன, மொளகு மூட்டயாட்டம் வாங்க." என்னை முதுகில் குப்புறச் சாய்த்து, இரு கைகளையும் முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். நடுவில் ஒருமுறை சறுக்கி நின்றார், பிடி தளரவில்லை.

ஜெபவீட்டு வாசலில் டீச்சர் நின்றிருந்தார். மூட்டையாக முதுகில் தொங்கிக்கொண்டிருந்த என்னை அப்புச்சி இறக்கி, "பாத்து எறங்குங்க அக்கா" என்றார்.

"இது என்ன தாத்தா? பேத்திய அக்காங்கீங்க?"

"சாமின்னு கூப்புட்டா ஆகாதுன்னு பாப்பா சொல்லிருச்சுங்க. நீங்க சொன்னதாமுங்க. எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். சின்னதுல இருந்து புள்ளைங்கள அப்படித்தாங்க கூப்புடறது."

டீச்சரின் புடவையும் நனைந்திருந்தது. குளிரில் உதடு நடுங்கியது. எங்களுக்காக மழையிலேயே வெளியில் நின்றிருக்க வேண்டும். அதைப் பார்த்த அப்புச்சி தன்னை மறந்தார்.

"இப்படி நனஞ்சுக்கிட்டு நிக்கறயே. சாப்ட்டயா சாமி?"

முதல் கற்பனை, ஜெபவீட்டு வாசலிலேயே, டீச்சரின் முகத்துக்கு நேராகவே மீறப்பட்டுவிட்டது. டீச்சர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அப்புச்சியின் பாவத்துக்காக அழுகிறார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அன்று ஜெபத்தில் கண்ணை இறுக்கி மூடி, அப்புச்சி படிக்காதவர், தயவுசெய்து கணக்கில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் குடையோடு ஓடைவரை வந்தார்.

"ஏட்டி, தாத்தா ஒன்னைச் சாமின்னே கூப்பிடட்டும்."

"முதல் கற்பனைங்க டீச்சர்?"

"அதுக்கும் இதுக்கும் ஒண்ணுமில்லட்டி. வெளங்காமச் சொல்லிட்டேன். நான் பாத்துக்கிடுதேன்."

அப்புச்சி குனிந்தார்.

"ஏறிக்கோ சாமி."

ஏறிக்கொண்டு அவர் தலையை இரு கைகளாலும் கட்டிக்கொண்டேன். அக்கரை சேர்ந்து திரும்பிப் பார்த்தபோது டீச்சர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார்.

அவர் மேலிடத்தில் பேசி எனக்கென்று தனியாக ஓர் அனுமதி வாங்கித் தந்தார் என்று வெகுகாலம் நம்பினேன். மலையில் அவரை நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம், ஜெபவீட்டை நடத்திவந்த, வயதில் மூத்த உபதேசியார் உட்பட. வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட அங்கே அவருக்கு ஆளில்லை என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

வசன அட்டை அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் தந்தது. அடுத்த மழைக்கு முன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அவர் சொந்த ஊர் நாசரேத் என்று ஒருவர் சொன்னார், மெய்ஞ்ஞானபுரம் என்று இன்னொருவர். இரண்டு இடத்துக்கும் போய் விசாரித்தேன். அவரை அறிந்தவர் எவரும் கிடைக்கவில்லை. அவர் வீட்டில் அவரை என்ன சொல்லிக் கொஞ்சினார்கள் என்பதை இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.