ஓலைக்குள்ளே உப்பு

மழைக்கு முன்னால் மரக்காணத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்திருந்தோம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் உப்பளத்தின் கரையில் உப்பை வரிசையாகக் குவித்து, பனையோலையால் மூடி, கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். அந்த நேரம் பார்த்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வீட்டைப் பார்க்க ஒருவர் வந்தார். பைக்கை விட்டு இறங்காமலே நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் பாலிசி ரத்து என்று மெசேஜ் வந்தது. வீட்டை ஒட்டிக் கூரைக் குடிசைகள் இருக்கின்றனவாம், தீப்பிடிக்கும் ஆபத்தாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே போன் போட்டேன்.

"ரிப்போர்ட்ல அப்படித்தான் சார் இருக்குது" என்றாள் எடுத்த பெண்.

"அந்தக் குடிசைக்கெல்லாம் கதவு எங்க இருக்குதுன்னு போட்டோவுல பாரும்மா!" என்று கத்தினேன்.

பார்த்திருப்பாள் போல. மறுபடி ஆள் அனுப்புவதாகச் சொன்னாள்.

வந்தது அதே ஆள்தான். நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். கரைக்குக் கூட்டிப்போய் ஓலையை விலக்கிக் காட்டினேன். அவர் ஒரு உப்புக்கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அங்கேயே நின்று ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்பினார். கிளம்பும்போது என் மனைவி ஒரு பை நிறைய உப்பைக் கொண்டுவந்து அவர் பைக்கில் மாட்டிவிட்டுச் சொன்னாள்:

"பயப்படாம எடுத்துட்டுப் போங்க சார், தீப்பிடிக்காது."