சிவப்பு கொண்டுவரச் சொன்ன பாண்டிச்செல்வி

கவுஞ்சி மலைக்கிராமத்து அங்கன்வாடியில் பாண்டிச்செல்வி ஒன்பது வருடமாக டீச்சர். நிறம் சொல்லிக்கொடுக்க அவளிடம் ஒரு கெட்டி அட்டைப் படப்புத்தகம் உண்டு. பக்கத்துக்கு ஒரு நிறம். படத்தைக் காட்டியதோடு விடமாட்டாள். “நாளைக்கு இந்த நெறத்துல வீட்டுலருந்து ஒண்ணு கொண்டாங்க” என்று சொல்லி அனுப்புவாள். கொண்டுவந்ததை அந்தப் பக்கத்தின் மேல் வைக்க வேண்டும். அவளாகக் கண்டுபிடித்த வழி. நல்ல வழிதான்.

நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்கு எடை போடும் நாட்களில் ஒத்தாசைக்குப் போவேன். அன்றும் போயிருந்தேன்.

சிவப்பு நாள். ஒருத்தி தக்காளி கொண்டுவந்தாள், ஒருவன் சட்டைப் பொத்தான். மகாதேவியின் மகள் ஜெயப்பிரியாவுக்கு இரண்டரை வயது. மூடிய கையைப் படத்தின் மேல் வைத்துத் திறந்தாள்.

“டீச்சர், செவப்பு!”

பீன்ஸ் விதைகள். விதைப்பதற்காகப் பூச்சிமருந்து தோய்த்து, அது தெரியச் சாயமும் ஏற்றிய விதைகள். உள்ளங்கை சிவந்திருந்தது. உதடும் சிவந்திருந்தது.

பாண்டிச்செல்வி ஈரத்துணியால் வாயைத் துடைத்தாள். கன்னத்து ஓரத்திலிருந்து பாதி மென்ற விதை ஒன்று வந்தது.

“எத்தன தின்ன, தாயி?”

“மூணு.”

“ஒண்ணு தானே?”

“ஒண்ணு.”

“பத்தா?”

“பத்து!” என்று சிரித்தாள்.

சமையல் செய்யும் ராக்காயி உப்புத் தண்ணீரோடு ஓடிவந்தாள். “ஊத்திவிடு, கக்கிரட்டும்.”

“ஊத்தாத. புரையேறுனா நெஞ்சுக்குள்ள போயிரும். கையக் கழுவிவிடு. விதைப் பைய எடுத்தாரச் சொல்லி அவ ஆத்தாவுக்குப் போனப் போடு” என்றேன்.

மகாதேவி காட்டிலிருந்து மண் காலோடு, பையை எடுத்துக்கொண்டு வந்தாள். மற்றப் பிள்ளைகளை ராக்காயியிடம் விட்டுவிட்டு, கொடைக்கானலுக்குக் காய் ஏற்றிப் போக நின்ற வேனில் நாலு பேரும் ஏறினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். பாண்டிச்செல்வியின் கையில் புத்தகம் அப்படியே இருந்தது.

குழந்தைக்குக் கண் சொருகியது. அது தூக்கமா, மருந்தா? எனக்கே தெரியவில்லை. பாண்டிச்செல்வி பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

“முழிச்சுக்க தாயி. இது என்ன நெறம்?”

“பச்ச.”

“இது?”

“மஞ்ச.”

பூம்பாறை வளைவுகளில் நீலப் பக்கத்துக்குப் பதில் வரவில்லை. மறுபடி கேட்டாள். இல்லை. அடுத்த வளைவில் குழந்தை வாந்தி எடுத்தது. இந்த ரோட்டில் எந்தப் பிள்ளைதான் எடுக்காது?  ஆனாலும் நான் விரலால் கிளறிப் பார்த்தேன். இட்லி, பால். விதை இல்லை. அதை வைத்து, விழுங்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

“அண்ணே, வெரசா போங்க” என்றாள் மகாதேவி. பிறகு பாண்டிச்செல்வியைப் பார்க்காமலே சொன்னாள்: “நீங்க சொன்னீங்கன்னு வீடு பூரா செவப்புத் தேடுனா, டீச்சர். நாந்தான் அடுப்படியில சோலியா இருந்துட்டேன்.”

திட்டியிருந்தால் பாண்டிச்செல்வி தாங்கியிருப்பாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் புத்தகத்தை மூடிவிட்டாள். அதை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பையைப் படித்துப் பார்த்த டாக்டர், சாயங்காலம் வரை கூடவே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஏழு மணி நேரம். குழந்தை தூங்கும்போதெல்லாம் பாண்டிச்செல்வி அதன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். ஐந்து மணிக்கு ஜெயப்பிரியா எழுந்து பிஸ்கட் கேட்டாள். வாயில் வைத்தது அந்த ஒரு விதைதான் போலிருக்கிறது, கசந்திருக்கும்.

மறுநாள் பாண்டிச்செல்வி அந்த விதைப் பையின் படத்தை வெட்டிச் சிவப்புப் பக்கத்தில் ஒட்டி, மேலே கறுப்பில் பெருக்கல் குறி போட்டாள். சிவப்பே கூடாதென்று எண்ணி, பத்து நாள் ஜெயப்பிரியா சாம்பாரில் தக்காளியைத் தொடவில்லை. பாண்டிச்செல்வி எதிரில் உட்கார்ந்து தின்று காட்டிச் சரிசெய்தாள்.

வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியும் பயம் போகவில்லை. இன்றும் காலையில் புத்தகத்தைத் திறப்பதற்கு முன், பதினோரு பிள்ளைகளின் கைகளையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கிறாள்.