பொட்டு வைத்த ஃபிளாப்பி

"தம்பி, பொட்டி உசுரு போச்சு. ஒடனே கெளம்பி வாங்க!"

எண்பதுகளின் கடைசியில், நான் பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் இன்ஜினீயராக இருந்தபோது செஞ்சியிலிருந்து வந்த போன் இது. பேசியவர் ஏகாம்பரம், விதைக் கடலை வியாபாரி. விஜயதசமி காலையில் சாமி கும்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க் சுற்றவே இல்லை. புது டிஸ்க் ஒன்றைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இன்றைக்கு நீங்கள் சர்வர் கிளஸ்டரே விழுந்தாலும் டீ குடித்துக்கொண்டே விர்ச்சுவல் மெஷின்களை ரீஸ்டோர் செய்கிறீர்கள். நன்றாக இருங்கள்! அன்று எங்களுக்கு பேக்கப் என்றால் ஐந்தேகால் இன்ச் ஃபிளாப்பிதான். கறுப்பு உறைக்குள் வட்டமாக, மெல்லிசாக ஒரு பழுப்புத் தகடு. உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும், அதன் வழியாகத்தான் டிரைவ் படிக்கும். ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதை நான்கைந்து ஃபிளாப்பியில் வரிசையாக இறக்குவோம். திரும்ப ஏற்றும்போது அதே வரிசையில் கேட்கும். ஒன்று படிக்கவில்லையென்றால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

ஏகாம்பரத்திடம் ஆபரேட்டராக இருந்தவர் ரோஸ்மேரி. டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர், சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருவார். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள். சனிக்கிழமை தவறாமல் பேக்கப் எடுத்துவிடுவார். "உள்ளதான் இருக்குதே, வெளிய ஒண்ணு இன்னாத்துக்கு?" என்று முதலாளி கேலி செய்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

கம்ப்யூட்டர் வந்த ஜோரில் ஏகாம்பரம் பழைய காகிதங்களை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டிருந்தார். குடோனில் மூட்டைமேல் லாட் நம்பர் மட்டும்தான். எந்த லாட் முளைப்பு டெஸ்டில் தேறியது, எது தேறவில்லை என்பது முழுக்கக் கம்ப்யூட்டருக்குள். கார்த்திகைப் பட்டத்துக்கு விதை போக வேண்டிய நேரம் வேறு.

"பேக்கப் இருக்குல்ல?" என்றேன்.

ரோஸ்மேரி நான்கு ஃபிளாப்பிகளை நீட்டினார். முதல் ஃபிளாப்பியைப் பார்த்ததும் எனக்கு மயக்கம் வராத குறை. திறப்பின்மேல் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம்!

ஆயுத பூஜையன்று ஏகாம்பரம் தராசு, கோணி ஊசி, கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறார். ஃபிளாப்பியை மட்டும் விடுவாரா? மேலே போட்டிருந்த காகிதக் கவரிலிருந்து உருவி, தோதான இடம் பார்த்து வைத்துவிட்டார். ரோஸ்மேரி ஓடிவந்து தடுத்ததால் மற்ற மூன்றும் தப்பின. உடனே இன்னொரு செட் எடுத்துவிடுகிறேன் என்று அவர் கெஞ்சியும் பார்த்திருக்கிறார். பூஜையில் வைத்ததை விஜயதசமிக்கு முன்னால் ஓட்டுவதாவது! ஏகாம்பரம் சுவிட்சைத் தொடவே விடவில்லை. மறுநாள் காலையில் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது.

இத்தனையும் செய்துவிட்டு அந்த மனுஷன் பேசியதைக் கேளுங்கள்: "டேட்டா வரலேன்னா எனுக்குப் பொட்டியும் வேணாம், பொட்டி தட்டற பொண்ணும் வேணாம் தம்பி. மேரி, நீ நாளையிலருந்து வராத."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொட்டு வைத்தது யார் கை? வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் ரோஸ்மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத தொடச்சா வருமா சார்?" என்று கேட்டார்.

"தொடச்சா கீறிடும். தகட்ட வெளிய எடுத்துக் கழுவணும். மெட்ராஸ்ல ஒருத்தர் செஞ்சதா கேள்விதான், நான் செஞ்சதில்ல."

"இதுக்கு மேல கெட்டுப்போக இன்னா இருக்குது? செய்யலாம் சார்."

பேட்டரி கடையிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் வந்தது. உறையின் ஓரத்தைப் பிளேடால் கீறினேன். தகட்டை எங்கே பிடித்து உருவுவது என்று தெரியாமல் நின்றேன்.

"குடுங்க சார். விதைக் கடலை உரிக்கிற கை இது. பருப்புத் தோல்ல கீறல் வுழாது."

விளிம்பை மட்டும் விரல் நுனியில் பிடித்து, இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு அவர் அலசியதை இன்றைக்கும் நான் வியக்கிறேன். வேலை போகப்போகிறது என்று தெரிந்த கையில் ஒரு பதற்றம் இல்லை. சீக்கிரம் காயட்டும் என்று ஏகாம்பரம் ஃபேனைப் போட எழுந்தார். "வேணாம் ஐயா, தூசி ஒட்டிக்கும்" என்று ரோஸ்மேரி அவரை உட்கார வைத்துவிட்டார்.

காய்ந்த தகட்டை ஒரு புது ஃபிளாப்பியின் உறைக்குள் செருகி, புது ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, ரீஸ்டோர் கொடுத்தேன். டிரைவ் கர்ர்ரென்று இழுத்தது. இரண்டாவது ஃபிளாப்பியைப் போடு என்று திரையில் வந்தது பாருங்கள், அடடா! நான்கும் ஏறின. லாட் நம்பர்கள் வரிசையாக வந்து நின்றன. ஏகாம்பரம் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். ரோஸ்மேரி புது ஃபிளாப்பிகளில் இரண்டு செட் பேக்கப் எடுத்து முடித்தார். பிறகு என்னிடம் வந்து, "சார், இப்ப ஹார்ட் டிஸ்க்க அழிச்சுடலாம்" என்றார்.

"ஏ பொண்ணு, பைத்தியமா ஒனக்கு?" ஏகாம்பரம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"இன்னிக்கு ஏத்துனது சாரு, ஐயா. அடுத்த தபா படுத்துச்சுன்னா நான்தான் இருப்பேன். நான் எடுத்தது என் கையால திரும்ப வருதான்னு பாத்துடணும்."

வேலையே ஊசலாடிக்கொண்டிருந்த பெண், முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது, அப்போதுதான் பிழைத்து வந்த டேட்டாவை அழிக்கத் துணிகிறார்! நான் பையைக் கீழே வைத்தேன். அவரே ஃபார்மேட் அடித்தார். அவரே ஒவ்வொரு ஃபிளாப்பியாகப் போட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

எல்லாம் திரும்ப வந்தது.

ஏகாம்பரம் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "மேரி, காலையில சீக்கிரம் வந்துடும்மா. அனந்தபுரத்துக்கு லோடு ஏத்தணும்" என்றார்.

அதற்கு முன் எத்தனையோ ஆபீசில் பேக்கப் எடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அழித்துவிட்டு ஏற்றிப் பார் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அன்றிலிருந்து, அதைச் செய்து பார்க்காத எந்த ஆபீசிலும் வேலை முடிந்தது என்று நான் கையெழுத்துப் போட்டதில்லை.